நிமிர்த்திய ராடு

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் சொல்லிவிடுவோம் என்று ஒச்சம்மாளுக்குப் பயமாக இருந்தது. பட்டறை வாசலில் நின்று முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக, சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பாதியில் குழம்பியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மலை ரோட்டின் அடிவாரத்தில் இருக்கும் சிக்கந்தரின் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்காரர் வண்டிக்கு வந்த நோயின் பெயரைச் சொல்லக்கூடாது. "கிளட்ச் போயிருச்சு மேஸ்திரி" என்று யாராவது வந்து நின்றால், "அப்பச் சரி, கிளட்சை மாத்திக்கங்க" என்று சொல்லிவிட்டு வேறொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். வண்டி என்ன செய்தது, என்ன சத்தம் வந்தது, என்ன வாடை அடித்தது, அதை மட்டும்தான் சொல்ல வேண்டும். சொன்னதை இன்னொரு முறையும் சொல்ல வேண்டும்.

சிக்கந்தர் அவளைவிட வயதில் நன்றாகச் சின்னவர். இருந்தாலும் அவளுக்கு அவர்தான் குரு. புருஷன் பால்ச்சாமிக்குக் கண் மங்கிப்போன பிறகு அவளுக்கு ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஓட்டுகிறவளுக்கு வண்டியின் வயிறும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கையில் ஸ்பேனரைக் கொடுத்தவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அவள். கற்றதெல்லாம் மறந்துபோகுமே என்று தினமும் பயந்துகொண்டே கற்றாள்.

அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். பொழுது விடிந்தால் திங்கள். ஏலக்காய் எடுக்கும் பெண்கள் பன்னிரண்டு பேரை அவள் மலைக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

"சொல்லுங்கக்கா" என்றார் சிக்கந்தர்.

"நேத்து சாயங்காலம் எஸ்டேட்டுல இருந்து எறங்குறப்ப மழை. ஓடையில தண்ணி நெறைய. நடு ஓடையில வண்டி நின்னுருச்சு. பெறகு கிளம்பிருச்சு. கிளம்பினதுல இருந்து டொக்கு டொக்குனு ஒரு சத்தம். வெள்ளைப் புகை. மேடு வந்தா இழுக்க மாட்டேங்குது."

"இன்னொருக்கா."

அவள் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை, முன் சீட்டில் உட்கார்ந்து வந்த ஏலக்காய்க்காரி குருவத்தை "ஏத்தா, வண்டிக்குள்ள எவளோ ஒலக்கை போடுறா" என்று சொன்னதையும் சேர்த்துக்கொண்டாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"பயத்துல எதையாச்சும் கூட்டிச் சொல்லுறேனா மேஸ்திரி?"

"கூட்டலை. கொறைச்சிருக்கீங்களோ என்னமோ."

எதைக் குறைத்தோம் என்று யோசித்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

சிக்கந்தர் பானட்டைத் திறந்து ஏர் கிளீனரைக் கழற்றினார். உள்ளே ஈர மணல் அப்பியிருந்தது. ஒரு சின்ன இலையும் இருந்தது. அவர் அந்த இலையை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

வண்டியைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு அதை அவளிடம் நீட்டினார்.

அவள் கேட்டாள். தூரத்தில் மெலிதாகக் கேட்ட டொக்கு இப்போது காதுக்குள்ளேயே இடித்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

"பயப்படாம கேளுங்க. நாசிலுக்குப் போற டீசல் பைப்பை ஒண்ணொண்ணா லேசா இளக்கிவிடுறேன். எதை இளக்குறப்ப சத்தம் மாறுதுன்னு சொல்லுங்க."

முதல் பைப்பை இளக்கினார். சத்தம் அப்படியே இருந்தது. இறுக்கிவிட்டு அடுத்ததை இளக்கினார். அதுவும் அப்படியே. மூன்றாவதை இளக்கியபோது உலக்கைச் சத்தம் பாதியாக அடங்கியது.

"இதுதான் மேஸ்திரி!"

"இதுதான்னா?"

நோயின் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள். "மூணாவதுல சத்தம் கொறையுது" என்றாள்.

சிக்கந்தர் சிரித்தார். வண்டியை நிறுத்தினார்.

பகல் முழுக்க எஞ்சினைப் பிரித்தார்கள். எஞ்சின் அடித்தொட்டியில் இருந்த சேம்பர் ஆயிலைத் தட்டில் வடித்து வெயிலில் காட்டியபோது அது சப்பரத்தில் ஒட்டும் ஜிகினா மாதிரி மின்னியது. "பேரிங்கு உரிஞ்சிருக்கு" என்றார். பெயரைச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டும்தான். ஹெட்டைக் கழற்றியதும், நான்கு பிஸ்டனும் ஒவ்வொன்றாக உச்சிக்கு வரும்படி கிராங்கை அவளையே சுற்றச் சொன்னார்.

"வெரலை வச்சுத் தடவிப் பாருங்க. எல்லாம் ஒரே மட்டமா வருதா?"

மற்ற மூன்று பிஸ்டன்களும் பிளாக்கின் விளிம்போடு ஒட்டி வந்தன. மூன்றாவது மட்டும் ஒரு நகக்கண் அளவுக்குக் கீழேயே நின்றுவிட்டது. எவ்வளவு சுற்றியும் அதற்கு மேல் வரவில்லை.

"தேஞ்சுபோச்சா மேஸ்திரி?"

"தேயலை. அதைத் தாங்குற ராடு குட்டையாகிப் போச்சு."

"இரும்பு எப்படிக் குட்டையாகும்?"

சிக்கந்தர் பிரேக் ஆயில் இழுக்க வைத்திருந்த பெரிய ஊசிக்குழாயை எடுத்து அதில் காற்றை இழுத்தார். அதன் வாயை அவளுடைய விரலால் மூடச் சொல்லி, "அமுக்குங்க" என்றார். தண்டு பாதி வரை இறங்கிவிட்டுத் திரும்ப எழும்பியது. அடுத்து அதில் தண்ணீரை இழுத்துக் கொடுத்தார்.

"இப்ப அமுக்குங்க."

அவள் அமுக்கினாள். தண்டு அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். விரல்தான் வலித்தது.

"காத்து ஒதுங்கி எடம் குடுக்கும். தண்ணி குடுக்காது" என்றார் சிக்கந்தர். "ஓடைத் தண்ணி ஏர் கிளீனர் வழியா உள்ள போயிருக்கு. வண்டி அதனாலதான் நின்னுருக்கு. நின்ன வண்டி பெறகு எப்படிக் கிளம்புச்சு?"

"செல்ஃப் அடிச்சேன். கடக்குனு நின்னுக்கிச்சு. பேட்டரி செத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

"அப்பறம்?"

"எல்லாரும் எறங்கிக் கரைக்குத் தள்ளிவிட்டாக. அந்தப் பக்கம் எறக்கம். ரெண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை அமுக்கிப் பிடிச்சிருந்தேன். எறக்கத்துல நல்லாத் தள்ளிவிட்டதும் பட்டுன்னு கிளட்சை விட்டேன். மடார்னு ஒரு சத்தம். கிளம்பிருச்சு." அவள் முகம் லேசாக மலர்ந்தது. "குருவத்தை ரோட்டுலயே நின்னு குலவை போட்டுச்சு மேஸ்திரி. இருட்டுறதுக்கு முந்தி எல்லாரையும் வீடு சேத்துட்டேன்."

"இதை ரெண்டு தடவையும் சொல்லலையே?"

"கோளாறைத்தானே கேட்டீங்க? இது கோளாறு இல்லையே. கோளாறைச் சரி பண்ணினதுல்ல?"

சிக்கந்தர் அவள் கையிலிருந்த ஊசிக்குழாயைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். விரல் இன்னும் அதன் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தது.

உள்ளே தண்ணீர் விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே பன்னிரண்டு பெண்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் இருந்தது அந்த ராடு.

"ஆத்தி" என்றாள். ஊசிக்குழாயைக் கீழே வைத்தாள்.

பிஸ்டனோடு ராடை வெளியே எடுத்தார்கள். பார்த்தவுடன் தெரிகிற வளைவு இல்லை. ஒரு பக்கமாகப் படுத்துத் தூங்கி எழுந்தவன் கழுத்து மாதிரி லேசாகச் சாய்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. கங்காணி ராசாங்கம். எஸ்டேட்டுக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறவர்.

"என்ன ஒச்சம்மா, ஓடைக்குள்ள படகு ஓட்டினியாமே? காலையில வண்டி வந்துருமில்ல?"

"வந்துரும் அண்ணே."

"வராதுன்னா இப்பவே சொல்லிரு. செல்லப்பாண்டி வண்டி சும்மாத்தான் நிக்குது. ஒண்ணு மட்டும் சொல்லுறேன், கேட்டுக்க. ஒரு நாள் அவன் ஏத்திட்டான்னா, அவனே ஏத்தட்டும்னு விட்டுருவேன். பெறகு எங்கிட்ட வந்து கண்ணைக் கசக்கக் கூடாது."

"வந்துரும் அண்ணே, வந்துரும்."

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அந்த ஜீப் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். பால்ச்சாமிக்கு வாசல் எது சுவர் எது என்றே தெரியாது.

"புது ராடு எப்பக் கிடைக்கும் மேஸ்திரி?"

"மதுரையிலதான் கிடைக்கும். இன்னைக்குக் கடை இல்லை. நாளைக்குச் சொல்லிவிட்டா சாயங்காலம் பஸ்ஸுல வரும். செவ்வாய்க்கிழமை வண்டி ஓடும். புதன்கிழமை நீங்க மலை ஏறலாம்."

"புதனா?" அவள் வளைந்த ராடைப் பார்த்தாள். "இதையே நிமித்திப் போட்டா?"

"போடுவாங்க."

"கம்பத்துப் பட்டறையில போடுறாகளாமே. ஓடுதாமே?"

"ஓடும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"ஒடையுற வரைக்கும்."

"ஒடஞ்சா?"

"எஞ்சின் வயித்தைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். வண்டி அந்த எடத்துலயே செத்து நிக்கும். அது எந்த எடம்ங்கிறதுதான் பாக்கி."

அவளுக்கு எல்லா இடமும் தெரியும். ஒவ்வொரு வளைவும் கண்ணுக்குள் வந்துபோனது. அதிலும் அந்த எட்டாவது கொண்டை ஊசி வளைவு, இடது பக்கம் சுவர் இடிந்து சவுக்குக் கம்பு மட்டும் கட்டியிருக்கும் இடம். அங்கே ஏற்றத்தில் முழு பாரத்தோடு நின்றால் பிரேக் பிடிக்கும். பிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே அவள் வேறொன்றைச் சொன்னாள்.

"ரெண்டு நாளைக்குத்தானே. தம்பி, ரெண்டே நாளைக்கு நிமித்திப் போட்டுக் குடுங்க. புது ராடு வந்ததும் மாத்திரலாம். மெதுவாத்தான் ஓட்டுவேன். எம் மேல சத்தியமா மெதுவா ஓட்டுவேன்."

மேஸ்திரி தம்பியானது அதுதான் முதல் தடவை.

சிக்கந்தர் வாதம் பண்ணவில்லை. ராடை எடுத்துக்கொண்டு பிரஸ்ஸில் பொருத்தினார். ஒரு அமுக்கு, ஒரு பார்வை, இன்னொரு அமுக்கு. வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து அவளைப் பார்க்கச் சொன்னார். அவள் பீடிக்கட்டுக் காகிதத்தைக் கிழித்து அடியில் நுழைத்துப் பார்த்தாள். எந்தப் பக்கமும் நுழையவில்லை.

"நேரா இருக்கு மேஸ்திரி!"

"நேராத்தான் இருக்கு."

பேரிங்கும் கேஸ்கட்டும் கையிருப்பில் இருந்தன. பொழுது சாய்வதற்குள் எஞ்சினைப் பூட்டிவிட்டார்கள். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. உலக்கை இல்லை. வெள்ளைப் புகை இல்லை. அவள் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டாள். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துக் கேட்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் காது எதையோ தேடிக்கொண்டே இருந்தது.

"காலையில எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் சிக்கந்தர், கையைத் துடைத்துக்கொண்டே.

"அஞ்சரைக்கு. மார்க்கெட் முக்குல இருந்து."

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

மறுநாள் மார்க்கெட் முக்கில் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, மழைக்குப் போர்த்திக்கொள்ளப் பிளாஸ்டிக் தாள். ஒருத்தி ஏறுவதற்கு முன் பானட்டைத் தட்டி, "என்னடி, இன்னைக்கும் தள்ளவிடுவியா?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒச்சம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு டிபன் டப்பாவோடு சிக்கந்தர் வந்தார். நேராக வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

வழக்கமாக அந்த இடத்தில் உட்காருகிற குருவத்தை இடுப்பில் கை வைத்து நின்றாள். "இதென்னப்பா அநியாயம், அது எஞ் சீட்டு. நீயும் ஏலக்காய் எடுக்கவா வாரே?"

"கூட்டிக்கிட்டுப் போங்க அத்தை. எடுக்கக் கத்துக்கிறேன்."

"அப்பச் சேலை கட்டிக்கிட்டுல்ல வந்திருக்கணும். வெள்ளைச் சட்டைக்கு அட்டை தேடி வந்து கடிக்கும், பாத்துக்க."

முணுமுணுத்தபடியே அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். பின்பக்கம் நெருக்கியடித்து இடம் பிடிக்கும் கலகலப்பு.

ஒச்சம்மாள் வண்டியைக் கிளப்பினாள். எஞ்சின் சுத்தமாக ஓடியது. கியரில் கை வைத்தாள். போடவில்லை.

"எதுக்கு வர்றீங்க மேஸ்திரி?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்த ராடு போகுதுல்ல. அதான்."

"ஒடஞ்சுருமா?"

"தெரியாது."

"ஒடையாதா?"

"அதுவும் தெரியாது. ஒடையுறதுக்கு முந்தி சில நேரம் ஒரு சத்தம் குடுக்கும். பின்னாடி இவங்க பேச்சுல உங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேட்டா நிறுத்தச் சொல்லுவேன்."

"சத்தம் குடுக்கலைன்னா?"

சிக்கந்தர் டிபன் டப்பாவை மடியில் சரியாக வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

"வீட்டுல சொல்லிட்டா வந்தீங்க?"

"வேலைக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

"ஏத்தா, வண்டியை எடு. வெயில் வந்துரும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்க்காமலே யார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஏன் மேஸ்திரி" என்றாள். கண்ணில் நீர் முட்டியது. கோபமா பயமா என்று அவளுக்கே புரியவில்லை. "நேத்தே முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? உங்க பேச்சை நான் என்னைக்கு மீறியிருக்கேன்?"

"நேத்து நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா, வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டுக் கம்பத்துக்குப் போயிருப்பீங்க. அங்கயும் நிமித்திக் குடுத்திருப்பாங்க." சிக்கந்தர் அவள் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு இந்தச் சீட்டுல நான் இல்லாம குருவத்தை இருந்திருப்பாங்க."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

ஒச்சம்மாள் வண்டியை அணைத்தாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பின்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டு, "எறங்குங்க எல்லாரும்" என்றாள். ஏன், எதுக்கு, கூலி போகுமே என்று பன்னிரண்டு வாய்களும் ஒரே நேரத்தில் கேட்டன. அவள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. "மலைக்குப் போற ஆறு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

எல்லாரும் இறங்கிவிட்டார்களா என்று குனிந்து உள்ளே பார்த்தாள். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து பானட்டைத் திறந்தாள். போன் இன்னொரு தடவை அடித்தால் மனசு மாறிவிடும். அவளுக்குத் தன்னைத் தெரியும். டீசல் வராவிட்டால் வண்டி கிளம்பாது. டாங்கிலிருந்து வரும் டீசல் பைப்பைக் கழற்றி, அதை வெளியே எடுத்து, சிக்கந்தரின் மடியில் வைத்தாள். வெள்ளைச் சட்டையில் கறை படிந்தது.